வாசகர் கேள்வி – பதில்: ஃபெடரரின் கணக்கும் அதன் வகுக்கும் எண்ணும்

சென்ற இதழில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரின் வாழ்நாள் ஆட்டக் கணக்கைக் கொடுத்திருந்தோம்: 1526 ஒற்றையர் ஆட்டங்கள், 1251 வெற்றி, 275 தோல்வி, 103 பட்டங்கள், அவற்றில் 20 கிராண்ட்ஸ்லாம், தரவரிசையில் முதலிடத்தில் 310 வாரங்கள். கூடவே சர்வீஸ் (பந்தைப் போட்டுப் புள்ளியைத் தொடங்குவது), ரிட்டர்ன் (எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிப்பது) சதவீதங்களும் இருந்தன. அந்தப் பட்டியலைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து சரிபார்த்து எழுதிய வாசகர்களின் கேள்விகள் இவை.

கும்பகோணம் வாசகர்: ஆடிய புள்ளிகளில் ஃபெடரர் ஜெயித்தது 54 சதவீதம்தான் என்கிறது உங்கள் பட்டியல். 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவரே அப்படித்தான் சொன்னார். பாதிக்குச் சற்று மேல் ஜெயித்தவர் 82 சதவீத ஆட்டங்களை எப்படி ஜெயிக்க முடியும்?

சர்வீஸ் புள்ளிகளையும் ரிட்டர்ன் புள்ளிகளையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் சர்வீஸ். முதலாவது வெளியே போனால் இரண்டாவது வாய்ப்பு உண்டு. ஃபெடரரின் முதல் சர்வீஸ் 62 சதவீதம் உள்ளே விழுந்தது. அப்படி விழுந்தவற்றில் 77 சதவீதப் புள்ளிகள் அவருடையவை. இரண்டாவது சர்வீஸுக்குப் போனபோது 57 சதவீதம். நூறு சர்வீஸ் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸில் 62 × 0.77 = 47.7, இரண்டாவதில் 38 × 0.57 = 21.7. ஆக, நூற்றுக்கு 69.4 புள்ளிகள். எதிராளி சர்வீஸ் போடும்போது ஃபெடரருக்குக் கிடைத்தது 40. இந்த 69-க்கும் 40-க்கும் நடுவில்தான் அந்த 54 வருகிறது.

ஒரு கேமை ஜெயிக்க நாலு புள்ளியும் எடுக்க வேண்டும், இரண்டு புள்ளி முன்னாலும் இருக்க வேண்டும். இந்த விதி சிறு வித்தியாசத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. ட்யூஸ் நிலையை (ஆளுக்கு மூன்று புள்ளி எடுத்துச் சமமாக நிற்பதை) மட்டும் பாருங்கள். சர்வீஸ் போடுபவர் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுக்கும் வாய்ப்பு 0.694 × 0.694, அதாவது சுமார் 48 சதவீதம். அடுத்தடுத்து இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 0.306 × 0.306, அதாவது 9.4 சதவீதம். மற்ற நேரங்களில் மறுபடி ட்யூஸ். ஆக, ட்யூஸில் நிற்கும் கேம் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் சர்வீஸ் போடுபவர் பக்கம் சாய்கிறது. கேம் முழுவதற்கும் இதே முறையில் கணக்குப் போட்டால், 69.4 சதவீதப் புள்ளி எடுப்பவர் தன் சர்வீஸ் கேம்களில் 89 சதவீதத்தைக் காப்பாற்றுவார் என்று வரும். ஃபெடரரின் வாழ்நாள் பட்டியலில் இருப்பதும் 89 சதவீதமே. ரிட்டர்னில் 40 சதவீதப் புள்ளி எடுப்பவர் எதிராளியின் கேம்களில் 26 சதவீதத்தைப் பறிப்பார் என்று கணக்கு சொல்கிறது. பட்டியலில் 27.

இனி ஒரு செட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு ஆறு சர்வீஸ் கேம் என்று வைத்தால், எதிராளியிடமிருந்து ஃபெடரர் சராசரியாக 1.6 கேமைப் பறிப்பார், தன்னுடையதில் 0.7-ஐ இழப்பார். இப்படிப் பறிப்பதற்கு பிரேக் என்று பெயர். ஒரு செட்டை ஜெயிக்க ஒரு பிரேக் முன்னால் இருந்தால் போதும். அப்படிப்பட்ட செட்கள் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் ஓர் ஆட்டம். புள்ளியிலிருந்து கேம், கேமிலிருந்து செட், செட்டிலிருந்து ஆட்டம் என்று ஒவ்வொரு படியிலும் அந்த நாலு சதவீத அனுகூலம் வட்டிக்கு வட்டி போல வளர்ந்து 82-ல் வந்து நிற்கிறது.

அதே வாசகர்: அந்த உரையில் அவர் 'ஏறக்குறைய 80 சதவீதம்' என்றார். நீங்கள் 82 என்கிறீர்கள்.

1251-ஐ 1526-ஆல் வகுத்தால் 81.98 சதவீதம். அவர் சொன்னது மேடைப் பேச்சுக்கான முழு எண்.

திண்டுக்கல் வாசகி: பிரெஞ்சு ஓபனில் 19 முறை ஆடினார், ஒரு முறை (2009) பட்டம் வென்றார் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 18 முறை தோற்றிருக்க வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 73 வெற்றி, 17 தோல்வி. அச்சுப் பிழையா?

அச்சுப் பிழை இல்லை. ஆனால் பிழை இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க நீங்கள் கையாண்ட வழிதான் சரியான வழி.

தோற்றவர் வெளியேறும் போட்டிகளில் ஒருவர் வெளியே வர இரண்டே வாசல்கள்: பட்டத்தோடு வருவது, தோல்வியோடு வருவது. எனவே ஆடிய முறைகளிலிருந்து பட்டங்களைக் கழித்தால் தோல்விகள் வந்தாக வேண்டும். ஃபெடரரின் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களையும் இப்படிப் பாருங்கள். ஆஸ்திரேலிய ஓபன்: 21 முறை, 6 பட்டம், 15 தோல்வி. விம்பிள்டன்: 22 முறை, 8 பட்டம், 14 தோல்வி. அமெரிக்க ஓபன்: 19 முறை, 5 பட்டம், 14 தோல்வி. மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பாரிஸில் மட்டும் ஒன்று குறைகிறது.

குறைவது 2021-ஆம் ஆண்டின் கணக்கு. அந்த ஆண்டு மூன்றாவது சுற்றில் டொமினிக் கோப்ஃபரை வென்ற ஃபெடரர், நாலாவது சுற்றில் பெரெட்டினியோடு ஆட வேண்டியிருந்தது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியிருந்த நேரம் என்பதால், ஆட்டத்துக்கு முன்பே விலகிக்கொண்டார். இதற்கு வாக் ஓவர் என்று பெயர். பெரெட்டினி அடுத்த சுற்றுக்குப் போனார், ஆனால் வெற்றி–தோல்விக் கணக்கில் இருவருக்கும் எதுவும் சேரவில்லை. ஒரு பந்துகூட அடிக்கப்படாத ஆட்டம் கணக்கில் ஏறாது என்பது விதி.

இது இரண்டு பக்கமும் வெட்டும். 2012 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது சுற்றில் ஆந்த்ரேயாஸ் பெக் ஆடாமலே விலகினார். ஃபெடரர் மூன்றாவது சுற்றுக்குப் போனார், அவர் கணக்கில் வெற்றி ஏறவில்லை. 2014 ஆண்டு இறுதிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜோகோவிச்சுக்கு எதிராக முதுகு வலியால் ஃபெடரர் களமிறங்கவில்லை. ஜோகோவிச்சுக்குப் பட்டம் கிடைத்தது, ஆனால் இருவரும் மோதிய கணக்கில் (23–27) அந்த ஆட்டம் இல்லை.

ஆட்டம் தொடங்கிய பிறகு விலகுவது வேறு. அதற்கு ரிட்டயர்டு என்று பெயர், அது முழு வெற்றியாகவும் முழுத் தோல்வியாகவும் ஏறும். 2008 மான்டி கார்லோ அரையிறுதியில் 3–6, 2–3 என்ற நிலையில் ஜோகோவிச் விலகினார். ஃபெடரர் கணக்கில் அது வெற்றி.

கிராண்ட்ஸ்லாம் மொத்தம் 369 வெற்றி, 60 தோல்வி. நான்கு இடத்துத் தோல்விகளையும் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: ஃபெடரர் எத்தனை ஆட்டங்களில் பாதியில் விலகியிருக்கிறார்?

ஒன்றில்கூட இல்லை. 1526 ஒற்றையர் ஆட்டங்களில் தொடங்கிய ஒவ்வொன்றையும் முடித்திருக்கிறார். எங்களைக் கேட்டால், 20 கிராண்ட்ஸ்லாமைவிட உடைக்கக் கடினமான சாதனை இது. அவர் முதுகு எத்தனை முறை மக்கர் செய்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

மதுரை வாசகர்: களிமண் தரையில் ஃபெடரர் சுமார்தான் என்று என் நண்பர் வாதிடுகிறார். புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

தரை வாரியாக: ஹார்ட் கோர்ட்டில் 783–155, 71 பட்டங்கள். புல்தரையில் 192–29, 19 பட்டங்கள். களிமண்ணில் 226–71, 11 பட்டங்கள். கார்ப்பெட்டில் (உள்ளரங்கில் விரிக்கும் விரிப்புத் தரை) 50–20, 2 பட்டங்கள். சதவீதமாக 83.5, 86.9, 76.1, 71.4.

உங்கள் நண்பர் பட்டியலைச் சரியாகப் பார்த்திருந்தால் களிமண்ணை விட்டுவிட்டுக் கார்ப்பெட்டைப் பிடித்திருப்பார், ஏனெனில் குறைந்த சதவீதம் அதில்தான். அதற்காகக் கார்ப்பெட்டில் அவர் மோசம் என்று சொன்னால் தவறு. வேகமான அந்தத் தரை அவருக்குத் தோதானது. ஆனால் அவர் அதில் ஆடியது பெரும்பாலும் இளமைக் காலத்தில். 2009-லிருந்து பெரிய போட்டிகளில் அந்தத் தரையே கிடையாது. கற்றுக்கொண்டிருந்த வயதின் தோல்விகள் அப்படியே உறைந்து நிற்கின்றன, ஈடுகட்ட உச்சக் காலத்து வெற்றிகள் அதிகம் சேரவில்லை.

களிமண்ணில் 76 சதவீதம் எந்தக் காலத்திலும் முதல் தர ஆட்டக்காரரின் எண். ஐந்து முறை பிரெஞ்சு ஓபன் இறுதிக்கு வந்தார். அதில் நாலு முறை (2006, 2007, 2008, 2011) எதிரே நின்றவர் ரஃபேல் நடால். நடால் அங்கே 14 பட்டம் வென்றவர் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கோவை வாசகர்: நடாலோடு மோதிய கணக்கு 16–24. இதற்கு மேல் என்ன பேச்சு?

40 ஆட்டங்கள். களிமண்ணில் 2–14, ஹார்ட் கோர்ட்டில் 11–9, புல்தரையில் 3–1. களிமண்ணை நீக்கினால் 14–10 என்று ஃபெடரர் முன்னால். 'நீக்கினால்' என்று சொல்லி நீக்குவது நியாயமில்லை, களிமண்ணும் டென்னிஸ்தான். ஆனால் 40-ல் 16 ஆட்டம் ஏன் களிமண்ணில் நடந்தது என்று கேட்பது நியாயம். களிமண் போட்டிகளில் ஃபெடரர் இறுதி வரை வந்துகொண்டே இருந்தார், அதனால் அங்கே நடாலைச் சந்தித்தார். முன்னதாகவே தோற்று வீட்டுக்குப் போயிருந்தால் 16–24 என்பது இன்னும் அழகாக இருந்திருக்கும்!

இந்தக் கணக்குக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. 2015 பாசல் இறுதியிலிருந்து 2017 ஷாங்காய் இறுதி வரை ஐந்து ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஃபெடரருக்கு. நடால் இடது கையால் சுழற்றி அடிக்கும் பந்து ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேல் எழும்பும். பல ஆண்டுகள் அவரை வாட்டியது அந்தப் பந்துதான். 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டுவிட்டு 2014-ல் 97 சதுர அங்குலத்துக்கு மாறினார். பந்து எழும்பும்போதே முன்னால் போய்த் தட்டையாக அடிக்கத் தொடங்கினார். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த மாற்றம் படாது.

புதுச்சேரி வாசகி: 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர்தான் நன்றாக ஆடினார், தோற்றது அநியாயம் என்கிறார் என் அண்ணன். உண்மையா?

எண்கள் உங்கள் அண்ணன் பக்கம்தான் நிற்கின்றன. புள்ளிகள்: ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. ஏஸ் (எதிராளியால் தொடவே முடியாத சர்வீஸ்): 25–10. வின்னர் (எதிராளிக்கு எட்டாமல் புள்ளியை ஜெயிக்கும் அடி): 94–54. எதிராளியின் சர்வீஸை உடைத்தது: 7–3. கேம்களைக்கூடக் கூட்டிப் பாருங்கள்: 7–6, 1–6, 7–6, 4–6, 13–12 என்றால் ஜோகோவிச் 32, ஃபெடரர் 36.

அநியாயம் என்பதை மட்டும் ஏற்க மாட்டோம். ஜோகோவிச் ஜெயித்த மூன்று செட்டும் டை பிரேக்கரில், அதாவது கேம்கள் சமமாக நிற்கும்போது செட்டை முடிவு செய்யும் கூடுதல் கேமில், வந்தவை (7–5, 7–4, 7–3). ஃபெடரர் வென்ற இரண்டாவது செட் 6–1. அதில் அள்ளிய கூடுதல் புள்ளிகள் மொத்தத்தில் ஏறும், ஆனால் அடுத்த செட்டுக்குக் கொண்டுபோக முடியாது. டென்னிஸில் ஒவ்வொரு செட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஐந்தாவது செட்டில் 8–7, 40–15 என்று தன் சர்வீஸில் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள் ஃபெடரர் கையில் இருந்தன. சர்வீஸில் நூற்றுக்கு 70 புள்ளி ஜெயிப்பவர் அடுத்தடுத்து இரண்டை இழப்பது பத்துக்கு ஒரு முறை நடக்கும். அந்த ஒரு முறை அன்றைக்கு வந்தது.

சேலம் வாசகர்: பிரேக் பாயின்ட்டில் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எதிராளியின் சர்வீஸ் கேம் கைக்கு வரும் நிலையில்) ஃபெடரர் தடுமாறுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 17-க்கு 1, 2008 விம்பிள்டன் இறுதியில் 13-க்கு 1, 2015 அமெரிக்க ஓபன் இறுதியில் 23-க்கு 4. மறுக்க முடியுமா?

நீங்கள் சொன்ன மூன்று எண்ணும் சரி. அந்த நாட்களில் தடுமாறினார். 'எப்போதும்' என்பதைத்தான் மறுக்கிறோம்.

வாழ்நாள் கணக்கில் பிரேக் பாயின்ட்டுகளில் 41 சதவீதத்தை அவர் வெற்றியாக்கினார். இது அதிகமா, குறைவா? பிரேக் பாயின்ட் என்பதும் ஒரு ரிட்டர்ன் புள்ளிதான். எல்லா ரிட்டர்ன் புள்ளிகளிலும் அவர் ஜெயித்தது 40 சதவீதம். அதாவது நெருக்கடிப் புள்ளியிலும் சாதாரணப் புள்ளியிலும் அவர் ஒரே மாதிரிதான் ஆடியிருக்கிறார். 41-ஐ 50-உடனோ 100-உடனோ ஒப்பிட்டால் தோல்வி போலத் தெரியும். 40-உடன் ஒப்பிட்டால்தான் அதன் அர்த்தம் விளங்கும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். தன் சர்வீஸில் வந்த பிரேக் பாயின்ட்டுகளில் 67 சதவீதத்தைக் காப்பாற்றினார், பொதுவாக சர்வீஸ் புள்ளி ஜெயிப்பது 69-க்கு மேல். இந்தச் சிறு சரிவைப் பார்த்துப் பதற்றம் என்று முடிவு கட்டக் கூடாது. பிரேக் பாயின்ட் அடிக்கடி வருவது யாருக்கு எதிராக? ரிட்டர்னில் வல்லவர்களுக்கு எதிராக. எப்போது? சர்வீஸ் சரியாக விழாத நாளில். கடினமான எதிராளிகளும் மோசமான நாட்களும் அந்தக் கணக்கில் தானாகவே கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன.

வேலூர் வாசகர்: 2006 முடிவில் ஃபெடரரின் தரவரிசைப் புள்ளி 8,370. 2015 முடிவில் ஜோகோவிச்சுக்கு 16,585. ஃபெடரரைவிட இரண்டு மடங்கு சிறப்பா?

இல்லை. 2009-ல் புள்ளி முறையையே மாற்றினார்கள். அதற்கு முன் கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 1000, பிறகு 2000. 'அப்படியானால் 8,370-ஐ இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும்' என்று பலர் கணக்குப் போடுகிறார்கள், அதுவும் தவறு. இறுதியில் தோற்றவருக்கு 700-லிருந்து 1200-ஆகத்தான் உயர்த்தினார்கள், 1400 ஆக்கவில்லை. புதிய முறையில் பட்டத்துக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு போட்டியாகத் திரும்பக் கணக்கிடாமல் இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

ஒப்பிட வேண்டுமென்றால் வெற்றி–தோல்வியை எடுங்கள். 2006-ல் ஃபெடரர் 92–5. ஆடிய 17 போட்டிகளில் 16-ல் இறுதி, 12 பட்டம். ஐந்து தோல்வியில் நாலு நடாலிடம், ஒன்று சின்சினாட்டியில் ஆண்டி மர்ரியிடம். 2004-லிருந்து 2006 வரை மூன்றாண்டு சேர்த்தால் 247–15, அதாவது 94 சதவீதம்.

நாகர்கோவில் வாசகர்: அதிக ஏஸ், அதிக வெற்றி, அதிக பட்டம் – மூன்றும் ஃபெடரருக்குத்தானே?

மூன்றும் இல்லை. ஏஸ் 11,478, ஆனால் ஜான் இஸ்னரும் (14,470) இவோ கார்லோவிச்சும் (13,728) முன்னால் இருக்கிறார்கள். ஏஸ் கணக்கு 1991-லிருந்துதான் வைக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வெற்றியிலும் பட்டத்திலும் ஜிம்மி கானர்ஸ் முதலிடம்: 1274 வெற்றி, 109 பட்டம்.

சென்னை வாசகர்: ராமநாதன் கிருஷ்ணனின் கணக்கை ஏன் இதே போலப் போடக் கூடாது?

ஆசைதான். ஆனால் இதே போலப் போட முடியாது. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும் ஓப்பன் காலம் தொடங்கியது 1968-ல். கணினித் தரவரிசை வந்தது 1973 ஆகஸ்டில். கிருஷ்ணனின் உச்சக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. முதல் சர்வீஸ் சதவீதமெல்லாம் யாரும் அன்று பதிந்து வைக்கவில்லை.

இருப்பதை வைத்து மதிப்பிடலாம். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் முறை தோற்றது நீல் ஃப்ரேசரிடம், இரண்டாவது முறை ராட் லேவரிடம். இருவருமே அந்தந்த ஆண்டு பட்டம் வென்றவர்கள். 1962-ல் விம்பிள்டனில் அவருக்கு நாலாம் இடம் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 1–4 என்று தோற்றது. அந்த ஒரு வெற்றி, ஜெய்தீப் முகர்ஜியும் அவரும் சேர்ந்து நியூகோம்ப்–ரோச் ஜோடியை வீழ்த்திய இரட்டையர் ஆட்டம்.

திருச்சி வாசகி: என் மகள் 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் ஆடுகிறாள். செயலி எதுவும் இல்லாமல், ஒரு நோட்டில் இந்த மாதிரிக் கணக்கு வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் சர்வீஸ் போடுபவர் பெயரின் முதல் எழுத்து. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுத்து மட்டும்: முதல் சர்வீஸ் உள்ளே விழுந்தால் 'மு', இரண்டாவது விழுந்தால் 'இ', இரண்டும் தவறி டபுள் ஃபால்ட் என்றால் 'ட'. புள்ளியைச் சர்வீஸ் போட்டவர் ஜெயித்தால் எழுத்தைச் சுற்றி வட்டம். பிரேக் பாயின்ட் என்றால் கீழே ஒரு கோடு. வேறு எதுவும் வேண்டாம். பந்து வலையைத் தொட்டு சர்வீஸ் கட்டத்துக்குள் விழுந்தால் அதை எழுதவே எழுதாதீர்கள், மறுபடி போடும் சர்வீஸ்தான் கணக்கு.

வீட்டுக்கு வந்து எண்ணுங்கள். முதல் சர்வீஸ் சதவீதம்: 'மு'-க்களை மொத்த எழுத்துகளால் வகுக்கவும். முதல் சர்வீஸில் வெற்றி: வட்டமிட்ட 'மு'-வை எல்லா 'மு'-வாலும். இரண்டாவது சர்வீஸில் வெற்றி: வட்டமிட்ட 'இ'-யை 'இ'-யும் 'ட'-வும் சேர்ந்த எண்ணிக்கையால். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில். 'ட'-வைச் சேர்க்காமல் வகுத்துவிட்டு, இரண்டாவது சர்வீஸ் அருமை என்று மகிழ்ந்துபோவார்கள். ரிட்டர்ன் கணக்கு எதிராளியின் வரிகளில் வட்டமில்லாத எழுத்துகளிலிருந்து தானாகக் கிடைக்கும்.

எழுதும்போது ஒரு புள்ளி விட்டுப்போனதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு கேம் 4, 5, 6 புள்ளிகளில் முடியும், ட்யூஸ் வந்தால் 8, 10, 12 என்று இரட்டைப்படையில் முடியும். ஒரு வரியில் 7 எழுத்து இருந்தால் எங்கோ தவறு. ட்யூஸில் அடுத்த புள்ளியே முடிவு என்ற விதியில் ஆடும் போட்டியாக இருந்தால் மட்டும் 7 வரலாம், அங்கே 8 வந்தால் தவறு. டை பிரேக்கரில் முதல் புள்ளிக்குப் பிறகு இரண்டிரண்டாக சர்வீஸ் மாறும். அதனால் ஆளுக்கொரு வரி போட்டு எழுதுங்கள்.

வின்னர், தானாகச் செய்த பிழை இரண்டையும் இப்போதைக்கு எழுத வேண்டாம். ஒருவர் பிழை என்பதை மற்றவர் எதிராளியின் திறமை என்பார், தாயின் கண் இன்னும் இளகியது.

ஓர் ஆட்டத்தின் சதவீதத்தைப் பார்த்து மகளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். 70 சர்வீஸ் புள்ளிகளில் முதல் சர்வீஸ் சதவீதம் ஆறு கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். ஆறு ஆட்டம் சேரட்டும். அப்போதும் ஆறு சதவீதங்களைக் கூட்டி ஆறால் வகுக்காமல், ஆறு ஆட்டத்து 'மு'-க்களையெல்லாம் கூட்டி, ஆறு ஆட்டத்து மொத்த எழுத்துகளால் வகுங்கள்.